81 காட்டும் பயிற்சியை விட்டுவிட்டு 40 காட்டுவதை ஏன் கொடுக்கிறார் என் பிசியோ?

வலதுமுழங்கால் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு வாரமாக வீட்டில் உட்கார்ந்து படித்ததெல்லாம் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது.

வலது முழங்காலில் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வு கிழிந்து ஆர்த்ரோஸ்கோபி (சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை) செய்தார்கள். கிழிந்த ஓரத்தை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டார்கள், உள்ளே தையல் எதுவும் போடவில்லை, கால் ஊன்றி நடக்கலாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். நாளையோடு 4 வாரம். நடக்கிறேன், ஆனால் படி இறங்கும்போது அந்தக் காலை நம்ப முடியவில்லை, சாயங்காலம் ஆனால் மூட்டு லேசாக உப்பிக்கொள்கிறது.

பிசியோ கொடுத்திருப்பது நாலே நாலு பயிற்சி. முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அதைக் கீழே அழுத்துவது, காலை மடக்காமல் நீட்டியபடியே தூக்குவது, ஒருக்களித்துப் படுத்து சிப்பி வாய் திறப்பது மாதிரி மேல் முழங்காலை மட்டும் விரிப்பது (கிளாம்ஷெல் என்கிறார்), அப்புறம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கால்வாசி ஸ்குவாட் (முட்டியைக் கொஞ்சம் மட்டும் மடக்கி உட்காரப் போவது).

சும்மா இருக்காமல் இதையெல்லாம் தேடிப் பார்த்தேன். 2009-இல் வந்த ஒரு ஈஎம்ஜி (தசையின் மின் சிக்னலை அளப்பது) ஆய்வு கண்ணில் பட்டது. பிட்டத்தின் பக்கவாட்டில் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸ் தசைக்கு, ஒருக்களித்துப் படுத்து முழுக்காலையும் நீட்டித் தூக்கினால் 81 சதவீதம் வருகிறதாம். என் பிசியோ சொல்லும் கிளாம்ஷெல்லுக்கு வெறும் 40. பாதி கூட இல்லை! இதை அவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "முதலில் வீக்கம் வடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

இன்னொன்று. துண்டை அழுத்தச் சொன்னால் இடது தொடை கல் மாதிரி இறுகுகிறது, முட்டிச்சில்லு சட்டென்று மேலே ஏறுகிறது. வலது தொடையில் எவ்வளவு முக்கினாலும் ஒரு நடுக்கம்தான் வருகிறது, சில்லு அசைய மாட்டேன் என்கிறது. வலி கூடப் பெரிதாக இல்லை. மூளை சொல்வது தொடைக்குக் கேட்கவில்லையோ என்று தோன்றுகிறது. நரம்பு ஏதாவது அடிபட்டிருக்குமா? பிசியோவை மாற்றலாமா என்று யோசிக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


லேப்_எலி எழுதியது:

நான் சிகிச்சை கொடுப்பவன் இல்லை. மனித அசைவு ஆய்வகத்தில் ஆட்களின் காலில் எலக்ட்ரோடு ஒட்டுவதுதான் நாள் முழுக்க என் வேலை. அதனால் அந்த 81 எப்படிப் பிறக்கிறது என்று மட்டும் சொல்கிறேன், அதைக் கேட்டபிறகு அந்த எண்மேல் உங்களுக்கு இருக்கும் பக்தி கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன்.

81 என்றால் உங்கள் பலத்தில் 81 பங்கு இல்லை. முதலில் ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கணுக்காலுக்கு மேல் பட்டை போட்டுக் கட்டி, "தூக்குங்க, தூக்குங்க, விடாதீங்க, இன்னும்" என்று பக்கத்தில் நின்று கத்துவோம். 5 விநாடி அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளுவார். அப்போது வரும் மின் சிக்னலை 100 என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் பயிற்சியைச் செய்யச் சொல்லி, அதில் வரும் சிக்னலை இதனால் வகுப்போம். அவ்வளவுதான். கீழே இருக்கும் அந்த 100 தப்பாக இருந்தால் மேலே வரும் எல்லாமே தப்பு. ஒரு முறை ஒருவருக்கு ஒற்றைக்கால் ஸ்குவாட்டில் 134 வந்தது. மனிதர் தன் அதிகபட்சத்தையே தாண்டிவிட்டாரா என்ன? முதலில் "முழு பலம்" என்று கொடுத்தபோது கூச்சப்பட்டுக்கொண்டு அரை மனதாகத் தள்ளியிருக்கிறார், வேறொன்றும் இல்லை.

ஒட்டுவதே ஒரு கலை. முடியைச் சிரைத்து, ஆல்கஹால் போட்டுத் துடைத்து, தோல் லேசாகச் சிவக்கும் வரை தேய்த்து, தசை இழை ஓடும் திசையைத் தடவிக் கண்டுபிடித்து, நடுவுக்கு நடு 2 செ.மீ. இடைவெளியில் இரண்டு எலக்ட்ரோடு. இந்த 2 செ.மீ. கணக்கு ஐரோப்பிய ஆய்வாளர்கள் கூடி வகுத்த செனியம் நெறிமுறையில் இருப்பது. இவ்வளவும் செய்தபிறகும், தோலுக்கும் தசைக்கும் நடுவில் கொழுப்பு கொஞ்சம் தடிமனாக இருந்தால் சிக்னல் மங்கிவிடும். முட்டியை மடக்கினால் தோலுக்கு அடியில் தசை நகர்ந்துவிடும், நாம் ஒட்டிய இடம் இப்போது தசையின் வேறொரு பகுதிக்கு மேல் நிற்கும். பக்கத்துத் தசையின் சத்தமும் சேர்ந்து கேட்கும், பக்கத்து வீட்டு டிவி மாதிரி.

இதெல்லாம் தொழில்நுட்பச் சிக்கல் என்று விட்டுவிட்டாலும், இன்னொரு பெரிய விஷயம் இருக்கிறது. தசை களைத்துப்போனால் அதே எடையைத் தூக்கவே சிக்னல் ஏறும், விசை ஏறியிருக்காது. எடையை மெதுவாக இறக்கும்போது, தூக்கியதைவிட சிக்னல் குறைவாக வரும். அதனால் இறக்குவது தசைக்குச் சும்மா வேலை என்று யாராவது சொன்னால், அவரை நிறையப் படி இறங்கவிட்டு மறுநாள் காலையில் தொடையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, அதிக சிக்னல் வரும் பயிற்சியில் தசை அதிகம் வளருமா? இதை நேராகவே சோதித்திருக்கிறார்கள். ஹிப் திரஸ்ட் தெரியும் இல்லையா, முதுகை பெஞ்சில் சாய்த்து இடுப்பால் பாரத்தைத் தூக்குவது. ஈஎம்ஜி-யில் பிட்டத் தசைக்கு அது ஸ்குவாட்டைப் பெரும்பாலும் தோற்கடிக்கும். 2023-இல் அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில், எடைப்பயிற்சிப் பழக்கமில்லாத இளைஞர்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு அணிக்கு ஹிப் திரஸ்ட், இன்னொன்றுக்கு ஸ்குவாட் என்று 9 வாரம் செய்யவிட்டு, முன்னும் பின்னும் எம்ஆர்ஐ எடுத்தார்கள். முதல் நாள் ஈஎம்ஜி-யில் வழக்கம்போல ஹிப் திரஸ்ட் மேலே. 9 வாரம் கழித்து பிட்டத் தசை இரண்டு அணிக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வளர்ந்திருந்தது. தொடையின் முன்தசையும் உள்தொடையும் ஸ்குவாட் அணிக்கு அதிகம் வளர்ந்திருந்தன, அது தனிக்கதை.

நீங்கள் படித்த 2009 ஆய்வு எனக்கும் தெரியும், நல்ல ஆய்வுதான். ஆனால் அதில் இருந்த 21 பேரும் ஆரோக்கியமானவர்கள். வீங்கின முட்டி ஒன்று கூட இல்லை.


இரும்புத்தூக்கி எழுதியது:

எலி அண்ணா, நீங்கள் சொல்வதைக் கேட்டால் ஈஎம்ஜி-யைக் குப்பையில் போட்டுவிடலாம் போலிருக்கிறதே. நான் ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறேன். எங்களுக்குச் சொல்லித்தந்தபோது 40-லிருந்து 60 சதவீதத்துக்கு மேல் வந்தால்தான் தசைக்குப் பலம் ஏறும், அதற்குக் கீழே இருந்தால் அசைவு பழகுவதற்கும் தாக்குப்பிடிக்கும் திறனுக்கும்தான் என்று ஒரு கோடு போட்டுக் காட்டினார்கள். பல ஆய்வுக் கட்டுரைகளிலும் அந்தக் கோடு இருக்கிறது, நானாகக் கதை விடவில்லை. கேள்வி கேட்டவர் அந்தக் கோட்டில் தொங்கிக்கொண்டிருக்கும் பயிற்சியை 4 வாரமாகச் செய்கிறார் என்றால் அவர் கோபப்படுவது நியாயம்தானே?

வலதுமுழங்கால், உங்களுக்கு ஒரு டிப்ஸ். காலை நீட்டித் தூக்கும்போது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். தொடையின் உள்பக்கம் முட்டிக்கு மேலே கண்ணீர்த்துளி மாதிரி ஒரு தசை இருக்கிறதே, விஎம்ஓ, அதற்குத் தனியாக வேலை விழும். உங்கள் நடுக்கம் அங்கேதான் இருக்கும்.


மூட்டுக்காரி எழுதியது:

பிசியோதெரபிஸ்ட். பெரும்பாலும் முழங்கால், இடுப்பு கேஸ்கள்தான் பார்க்கிறேன். மாலையில்தான் உட்கார முடிந்தது, அதற்குள் நிறையப் பேசிவிட்டீர்கள்.

முதலில் அந்த நடுக்கம், ஏனென்றால் கேள்வியில் உயிரே அங்கேதான் இருக்கிறது, எல்லோரும் 81-ஐப் பிடித்துக்கொண்டு அதை விட்டுவிட்டீர்கள். வலதுமுழங்கால், "மூளை சொல்வது தொடைக்குக் கேட்கவில்லை" என்று எழுதினீர்களே, அதைவிட நன்றாக நான் கூடச் சொல்ல மாட்டேன். நரம்பு அறுந்துவிடவில்லை. மூட்டுக்குள் நீர் சேர்ந்தால் மூட்டு உறையில் இருக்கும் உணர்விகள் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும், தண்டுவடம் தொடையின் முன்தசைக்குப் போகும் கட்டளையைப் பாதியிலேயே அமுக்கிவிடும். வலி இருந்தால்தான் இது நடக்கும் என்றில்லை. நோயாளியின் சோம்பேறித்தனமும் இல்லை, எத்தனையோ பேர் இதற்காக வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

இது 1960-களிலிருந்தே தெரிந்த சங்கதி. 1984-இல் ஒரு ஆய்வில் எந்தக் கோளாறும் இல்லாத முழங்காலுக்குள் உப்புநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தார்கள். 20 முதல் 30 மில்லி உள்ளே போனதுமே உள்பக்கத் தொடைத்தசை அடங்க ஆரம்பித்தது. வெளிப்பக்கத் தசையும் நடுத்தசையும் அடங்க 50, 60 மில்லி தேவைப்பட்டது. 20 மில்லி என்பது நாலு டீஸ்பூன். வெளியிலிருந்து பார்த்தால் முட்டி வீங்கியிருக்கிறது என்று கூடச் சொல்ல மாட்டீர்கள். உங்களுக்குச் சாயங்காலம் "லேசாக" உப்புகிறது என்றால் உள்ளே எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால் "முதலில் வீக்கம் வடியட்டும்" என்று உங்கள் பிசியோ சொன்னது மழுப்பல் இல்லை, சிகிச்சையே அதுதான். சிரித்ததற்குப் பதில் இதை இரண்டு நிமிடம் விளக்கியிருக்கலாம். அந்தக் குறை அவர்மேல் உண்டு.

பயிற்சிக்கு முன்னால் 20 நிமிடம் முட்டியைச் சுற்றி ஐஸ் வையுங்கள், தோலுக்கு மேல் துணி போட்டு. வீக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. செயற்கையாக நீர் ஏற்றிய முழங்காலில் ஐஸ் வைத்தபோது அமுங்கியிருந்த தசை கொஞ்ச நேரம் விழித்துக்கொள்கிறது என்று 2002-இல் காட்டியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் துண்டை அழுத்திப் பாருங்கள். அப்படியும் சில்லு அசையவில்லை என்றால் மின்தூண்டல் கருவி வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அது தசையை வெளியிலிருந்தே சுருங்க வைக்கும்.

இரும்புத்தூக்கி தம்பி, பாதத்தைத் திருப்புவதால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் விஎம்ஓ மட்டும் தனியாக வேலை செய்யாது. உள்பக்கத் தசைக்கும் வெளிப்பக்கத் தசைக்கும் ஒரே தொடை நரம்புதான் போகிறது, இரண்டும் சேர்ந்தேதான் இழுக்கும். பாதத்தை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, தொடைகளுக்கு நடுவே பந்தை வைத்து நசுக்கி என்று பல வருஷம் தேடினார்கள், உருப்படியாக எதுவும் தேறவில்லை. கல்லூரியில் எனக்கும் அதைத்தான் சொல்லித்தந்தார்கள், நானும் பல பேருக்குப் பந்து வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்!

கிளாம்ஷெல் விஷயம். முழுக்காலையும் நீட்டித் தூக்கினால் நெம்புகோல் நீளம் அதிகம், காலின் முழு எடையும் இடுப்பில் தொங்கும், அதனால்தான் 81. முட்டியை மடக்கினால் நெம்புகோல் பாதியாகிவிடும், அதனால் 40. பயிற்சியில் மந்திரம் ஒன்றும் இல்லை, பாரம்தான் வித்தியாசம். அதோடு, தொடை முன்தசை அமுங்கிக் கிடக்கிற உங்களுக்கு, ஒருக்களித்துக் காலை நீட்டும்போது முட்டியை நேராகப் பூட்டிவைக்க முடிகிறதா என்று பாருங்கள். லேசாக மடங்கினால், காலை உடம்புக்கு முன்னால் கொண்டுபோய் வேறு தசையால் தூக்கிக்கொண்டிருப்பீர்கள். அப்போது உங்களுக்கு 81-உம் கிடைக்காது, 40-உம் கிடைக்காது.

ஆனால் ஒன்று. 4 வாரமாக அதே நாலு பயிற்சி, பாரமும் ஏற்றவில்லை என்றால், அதை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். ஈஎம்ஜி எண்ணைக் காட்டிச் சண்டை போடாதீர்கள், "எது நடந்தால் அடுத்த கட்டத்துக்குப் போவோம்?" என்று கேளுங்கள். நல்ல பிசியோவிடம் பதில் தயாராக இருக்கும்.

அப்புறம் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். எடை பார்க்கும் மெஷின் இரண்டு கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காலுக்கு ஒன்றாக இரண்டு காலையும் வைத்துக்கொண்டு உங்கள் கால்வாசி ஸ்குவாட்டில் அப்படியே 5 விநாடி நில்லுங்கள். வேறு யாரையாவது எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள், நீங்கள் குனிந்து பார்த்தால் கணக்கு மாறிவிடும். வந்து சொல்லுங்கள்.


நடுமுதுகு எழுதியது:

தம்பி, எனக்கு முட்டி இல்லை, இடுப்பு வலி. ஆனால் இந்தத் திரியைப் படித்ததும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பல வருஷத்துக்கு முன்பு ஒரு இடத்தில் சிகிச்சைக்குப் போனேன். வயிற்றுக்குள் ஆழத்தில் ஒரு தசை இருக்கிறது, அது உங்களுக்குத் தாமதமாக வேலை செய்கிறது, அதனால்தான் வலி, எந்த வேலை செய்தாலும் முதலில் தொப்புளை முதுகெலும்பு பக்கம் இழுத்துக்கொண்டு அப்புறம் செய்யுங்கள் என்றார்கள். ஒரு வருஷம் செய்தேன். பாத்திரம் கழுவும்போது இழுத்தேன், போனை எடுக்கும்போது இழுத்தேன், தும்மல் வந்தால் கூட இழுத்துக்கொண்டு தும்மினேன். வலி குறையவில்லை, குனிவதற்கே பயம் வந்துவிட்டது. கடைசியில் வேறொரு பிசியோ அம்மா, "அதை மறந்துவிடுங்கள், தினமும் நடங்கள், கொஞ்சம் எடை தூக்குங்கள்" என்றார். நடந்தேன், தூக்கினேன். இப்போது வலி அவ்வப்போது எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். அந்த ஒரு வருஷத்தை நினைத்தால்தான் வயிற்றெரிச்சல். இதற்கும் இந்த ஈஎம்ஜி-க்கும் சம்பந்தம் உண்டா?


லேப்_எலி எழுதியது:

உண்டு அம்மா, நேரடியாகவே உண்டு. 1996-இல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் என்ற இருவர் செய்த ஆய்வு அது. இடுப்பு வலி உள்ளவர்கள் 15 பேர், இல்லாதவர்கள் 15 பேர். மயிரிழை போன்ற கம்பி எலக்ட்ரோடை ஊசி வழியாக ஆழமான வயிற்றுத் தசைக்குள் செருகி, கையை வேகமாக உயர்த்தச் சொன்னார்கள். வலி இல்லாதவர்களுக்குக் கை கிளம்பும் முன்பே அந்தத் தசை இறுகிக்கொண்டது, வலி உள்ளவர்களுக்குத் தாமதமாக இறுகியது. தாமதம் ஒரு விநாடியின் மிகச் சின்னப் பங்கு, மில்லிவிநாடிக் கணக்கு.

அவர்கள் கண்டது உண்மை. அதை எடுத்துக்கொண்டு வெளியே ஓடியவர்கள்தான் சிக்கலாக்கினார்கள். தாமதத்தால் வலியா, வலியால் தாமதமா என்று அந்த ஒரு அளவீட்டிலிருந்து சொல்லவே முடியாது. அதற்குள் உலகம் முழுக்க எல்லோரும் வயிற்றை உள்ளே இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு வந்த சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, நாள்பட்ட இடுப்பு வலிக்கு அந்த மாதிரிப் பயிற்சி சும்மா இருப்பதைவிட நல்லது, ஆனால் நீண்ட காலத்தில் மற்ற சாதாரண உடற்பயிற்சிகளைவிடப் பெரிதாக மேல் இல்லை என்றே வந்தது. வலி குறைந்தவர்களில் அந்தத் தசையின் வேலை மாறித்தான் குறைந்தது என்றும் காட்ட முடியவில்லை. மில்லிவிநாடியில் நடக்கும் ஒன்றைத் தும்மும்போது மனதால் பிடித்து இழுக்க முடியும் என்று யார் நம்பினார்களோ!

இரும்புத்தூக்கி, உங்கள் கோட்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2012-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 18 இளைஞர்களை 10 வாரம் கால் நீட்டும் பயிற்சி செய்யவைத்தார்கள். ஒரு வகையில் ஒருவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய எடையில் 80 சதவீதம், இன்னொரு வகையில் 30 சதவீதம். இரண்டிலும் இனி முடியாது என்கிற வரை, 3 செட். தொடைத்தசை இரண்டிலும் ஒரே மாதிரி வளர்ந்தது. ஒரே முறை தூக்கும் எடையில் மட்டும் 80 செய்த கால்கள் முன்னால் இருந்தன, அதைப் பழகியவை அவைதானே. லேசான பாரத்தில் ஆரம்ப சிக்னல் உங்கள் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும், களைக்கக் களைக்க உடம்பு பெரிய நரம்பு அலகுகளையும் (ஒரு நரம்பும் அது இயக்கும் தசை இழைகளும்) வரிசையாக வேலைக்குக் கூப்பிட்டுவிடும். கோடு எங்கே போயிற்று?

ஈஎம்ஜி-யைக் குப்பையில் போடச் சொல்லவில்லை, என் சோறே அதில்தான். தசை எப்போது எழுகிறது, எப்போது அடங்குகிறது, நடையில் எந்தத் தசை எந்த நேரத்துக்கு வருகிறது, இதற்கெல்லாம் அதை விட்டால் ஆள் இல்லை. வலதுமுழங்கால் மாதிரி ஆட்களுக்குத் திரையில் தன் தொடை சிக்னலைப் பார்த்துக்கொண்டே இறுக்கச் சொன்னால் சிலருக்குச் சட்டென்று பிடி கிடைக்கும். எந்தப் பயிற்சி உசத்தி என்று ரேங்க் போடத்தான் அது லாயக்கில்லை.


இரும்புத்தூக்கி எழுதியது:

30 சதவீத ஆய்வு கேள்விப்பட்டிருக்கிறேன், இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை. ஆனால் "இனி முடியாது" என்கிற வரை வீங்கின முட்டியை வைத்துக்கொண்டு யார் செய்வார்கள்? எங்கள் ஜிம்மில் நல்ல முட்டிக்காரர்களே 12-இல் எடையைக் கீழே போட்டுவிட்டு போனை எடுத்துவிடுகிறார்கள். பாதம் திருப்பும் டிப்ஸை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் அக்கா. எனக்கும் வேறொருவர் சொன்னதுதான்.


வலதுமுழங்கால் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 9 நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

பிசியோவை மாற்றவில்லை. மூட்டுக்காரி மேடம் சொன்ன அதே வார்த்தையில் கேட்டேன், "எது நடந்தால் அடுத்த கட்டம்?" என்று. இந்த முறை சிரிக்கவில்லை. என்னைப் படுக்கவைத்து, முட்டியின் உள்பக்கப் பள்ளத்தைக் கீழிருந்து மேலே வழித்துவிட்டு, வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழே ஒரு தடவு தடவினார். உள்பக்கத்தில் ஒரு சின்ன அலை எழுந்து பள்ளத்தை நிரப்பியது. எனக்கே காட்டினார். "தடவாமலே இது திரும்ப நிரம்பினால் நிறுத்துவோம், தடவினால் மட்டும் இப்படிச் சின்னதாக வந்தால் பாரம் ஏற்றலாம், முதல் வாரம் இது தானாகவே நிரம்பிக்கொண்டிருந்தது" என்றார். இதை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். டேப் வைத்து சில்லுக்கு மேல் 10 செ.மீ. தள்ளி இரண்டு தொடையையும் அளந்தார். வலது 2 செ.மீ. இளைத்திருக்கிறது.

ஐஸ் வைத்துவிட்டு துண்டை அழுத்தியது மூன்றாம் நாள் பலித்தது. சில்லு அரை அங்குலம் கூட ஏறியிருக்காது, ஆனால் ஏறியது, நான் கத்தியதில் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்துவிட்டார்கள். அப்போதிலிருந்து தினமும் வருகிறது. இப்போது புதிதாக உட்கார்ந்து எழுவதும், தாழ்வான படியில் ஏறி மெதுவாக இறங்குவதும் சேர்த்திருக்கிறார். கிளாம்ஷெல்லுக்கு முட்டிக்கு மேலே இழுபடும் ரப்பர் பேண்டு.

எடை மெஷின் கணக்கு. என் எடை 75. முதல் நாள் ஸ்குவாட்டில் நின்றபோது இடது 47, வலது 28. சமமாகத்தான் நிற்கிறேன் என்று சத்தியம் பண்ணியிருப்பேன்! தங்கை எண்ணைப் படித்துச் சொன்னதும் இரண்டு தடவை திருப்பிப் பார்க்கச் சொன்னேன். நேற்று 42, 33. இது நல்ல முன்னேற்றமா?


மூட்டுக்காரி எழுதியது:

நல்லதுதான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பலரும் இப்படித்தான், தனக்கே தெரியாமல் நல்ல காலுக்குப் பாரத்தைத் தள்ளிவிடுவார்கள். கண்ணாடி முன் நின்றால் கூடத் தெரியாது. வலது காலுக்கு என்று கொடுத்த ஸ்குவாட்டை இத்தனை நாளும் உங்கள் இடது கால்தான் செய்துகொண்டிருந்திருக்கிறது. தொடை 2 செ.மீ. இளைத்ததில் அதற்கும் பங்கு இருக்கும். ஆரம்ப வாரங்களில் பலம் ஏறுவது பெரும்பாலும் நரம்பு பழகுவதால், தொடை அளவு ஏற இன்னும் நாளாகும், அதனால் டேப்பை வைத்துக்கொண்டு தினமும் அளந்து மனசு உடைந்துபோகாதீர்கள்.

உட்கார்ந்து எழும்போதும் அதே மெஷின்களை வையுங்கள். நாற்காலி உயரத்தை மாற்றாதீர்கள். எழும் வேகத்தில் எண் துள்ளும், அதனால் பிட்டம் நாற்காலியை விட்டுக் கொஞ்சம் எழும்பியதும் அப்படியே நிறுத்திப் பாருங்கள். மறுநாள் காலையில் முட்டி முந்தைய நாளைவிட உப்பியிருந்தால் ஒரு படி இறங்குங்கள்.


லேப்_எலி எழுதியது:

குறுக்கே வருகிறேன். இரண்டு மெஷினையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தீர்களா?


வலதுமுழங்கால் எழுதியது:

இல்லை. இருங்கள்.

பார்த்துவிட்டேன். இடது பக்கம் இருந்த மெஷின் 2 கிலோ கூடக் காட்டுகிறது.


லேப்_எலி எழுதியது:

அப்படியானால் நேற்று 40, 33. ஆனால் உங்கள் எடை 75 என்றால் இரண்டு மெஷினும் சேர்ந்து 77 காட்டியிருக்க வேண்டும், 42-உம் 33-உம் 75 என்று சரியாக வருகிறதே. உங்கள் 75-ஐ எந்த மெஷினில் பார்த்தீர்கள்?


வலதுமுழங்கால் எழுதியது:

அதே இடது மெஷினில்தான் அண்ணா. அப்படியானால் நான் 73.